ஐந்து சொற்களின் பட்டியல்

1

இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம். இந்த ஐந்தின் பேரில் அரசு எந்தக் குடிமகனையும் பாகுபடுத்தக் கூடாது. அமெரிக்காவின் 1964ஆம் வருடக் குடிமை உரிமைச் சட்டம், ஏழாம் தலைப்பிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு. இந்த ஐந்தின் பேரில் முதலாளி எந்தத் தொழிலாளியையும் பாகுபடுத்தக் கூடாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். மூன்று சொற்கள் பொது. மிச்சத்தில்தான் கதை இருக்கிறது. அவர்களிடம் நிறம், நம்மிடம் சாதி. ஒவ்வொரு நாடும் தன் காயத்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறது. நம் பட்டியலில் நிறம் இல்லை (ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கசப்பான சிரிப்பு வரலாம்). அவர்கள் பட்டியலில் சாதி இல்லை.

இப்போது ஒருவர் சென்னையில் விமானம் ஏறி சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறார். ஏறிய ஊரின் அடிப்படைச் சட்டத்தில் அவருடைய காயத்துக்கு ஒரு சொல் இருந்தது. இறங்கிய ஊரில் இல்லை. ஆனால் காயம் கூடவே இறங்கியிருக்கிறது. அதைக் கொடுக்கப் பழகியவர்களும் அதே விமானத்தில்தானே வந்தார்கள்.

அந்த ஒரு சொல்லைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அமெரிக்காவில் நடந்த, இன்னும் முடியாத சண்டையின் பிரதிகளை வாசிப்பதுதான் இந்தக் கட்டுரை. சட்டத்தை எதுக்கு ஓர் இலக்கிய இதழில் படிக்கணும் என்று கேட்கலாம். ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் மனிதர்களை என்ன செய்யும் என்பதைவிட இலக்கியத்துக்கு நெருக்கமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

2

முதலில், பட்டியலில் இருக்கும் சொற்கள் எப்படி உள்ளே வந்தன என்று பார்க்கலாம். 1964 பிப்ரவரி 8. பிரதிநிதிகள் சபையில் விவாதம். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்மித் எழுந்து, பட்டியலில் பாலினம் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்கிறார். அவர் அந்த மசோதாவின் தீவிர எதிரி. அதைக் கவிழ்க்கத்தான் சேர்த்தார் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பெண்களுக்கான சம உரிமைத் திருத்தத்தை அவர் பல வருடங்களாக ஆதரித்தவர் என்பதும் உண்மை. எதுவானாலும், அன்று சபை சிரித்தது. மார்த்தா கிரிஃபித்ஸ் என்ற பெண் உறுப்பினர் எழுந்து, பெண்கள் இங்கே இரண்டாம்தரக் குடிமக்கள் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம், இந்தச் சிரிப்பே போதும் என்ற பொருளில் பேசினார். சொல் உள்ளே வந்தது.

வந்த சொல் தானாக வேலை செய்துவிடவில்லை. 1976இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நோய்க்கால ஊதியத் திட்டத்தில் கர்ப்பத்தை மட்டும் விலக்கி வைப்பது பாலினப் பாகுபாடு ஆகாது என்றது நீதிமன்றம். கர்ப்பம் பாலினத்தோடு சம்பந்தப்பட்டது இல்லையாம்! இரண்டு வருடம் கழித்து, 1978இல், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் திருத்த வேண்டியிருந்தது: பாலினம் என்றால் கர்ப்பமும் சேர்த்துத்தான்.

தன்பாலீர்ப்பாளர்கள் கதை இன்னும் நீளம். மிச்சிகனில் ஈஸ்ட் லான்சிங் என்ற சிறிய ஊர் 1972இல் அவர்களுக்கு வேலைப் பாதுகாப்பு கொடுத்தது. விஸ்கான்சின் மாநிலம் 1982இல். கூட்டாட்சிச் சட்டத்தில் அதே பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜூன் 15 அன்று, பாஸ்டாக் வழக்கில். பழைய சொல்லான பாலினத்துக்குள்ளேயே அது அடங்கும் என்றார் நீதிபதி கோர்சச். 48 வருடம்.

அமெரிக்கச் சட்டத்தின் ஏற்பாடு இதற்கு இடம் கொடுக்கிறது. கூட்டாட்சிச் சட்டம் என்பது தரை. அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. மாநிலமும் நகரமும் தங்கள் பங்குக்கு அதற்கு மேலே கட்டிக்கொள்ளலாம். அதனால் புதுச் சொற்கள் பெரும்பாலும் தலைநகரத்தில் பிறப்பதில்லை. ஏதோ ஓர் ஊரின் நகர மன்றத்தில், பொதுமக்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் பேசும் கூட்டத்தில் பிறக்கின்றன.

ஆக, இந்தப் பட்டியலின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான். "அது ஏற்கெனவே உள்ளே இருக்கு" என்று ஒருவர் சொன்னால், யார் படிக்கும்போது உள்ளே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

3

சாதி என்ற சொல் அமெரிக்கச் சட்ட மொழிக்குப் புதியது என்று நினைத்தால் தவறு. கருப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பியதை எதிர்த்து 1849இல் பாஸ்டனில் வாதாடிய சார்லஸ் சம்னர், அந்தப் பிரிவினையைச் சாதி என்றே அழைத்தார். 1896இல் ரயில் பெட்டிப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி ஹார்லன், இந்த நாட்டில் சாதி கிடையாது என்று எழுதினார். இருவருக்கும் சாதி என்பது தூரத்து நாட்டின் பொருள். சொந்த வீட்டு அசிங்கத்தைக் காட்ட எடுத்த உவமை.

உவமை மனித உருவில் கோர்ட்டுக்கு வந்தது 1923இல். பகத் சிங் திண்ட் பஞ்சாபிலிருந்து போனவர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி குடியுரிமை கிடைக்க வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். திண்டின் தரப்பு எடுத்த வாதம்: அவர் உயர்சாதி இந்து (அவர் சீக்கியர், அன்றைய அமெரிக்காவுக்கு இந்தியர் எல்லாரும் இந்துதான்), ஆரியர், ஆகவே வெள்ளையர். வெள்ளை அமெரிக்கர் கருப்பரோடு சம்பந்தம் வைக்க மாட்டார் இல்லையா, அதேபோல உயர்சாதி இந்துவும் பூர்வகுடிகளோடு மணவுறவு வைப்பதில்லை என்ற ரீதியில் அந்த வாதம் போகிறது.

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஓர் இந்தியர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சாதியைத் தகுதிச் சான்றிதழாக நீட்டுகிறார். அகமணம் அங்கே பெருமைக்கான ஆதாரம். 1923 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம் நிராகரித்தது. வெள்ளையர் என்றால் சாதாரண மனிதர் எதை வெள்ளை என்று புரிந்துகொள்கிறாரோ அதுதான், ஆரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம் என்றது. இரண்டு மேட்டிமைகள் மோதி, உள்ளூர் மேட்டிமை ஜெயித்தது.

அதற்கு ஏழு வருடம் முன்னால், 1916 மே மாதம், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம்தான், அதைக் காக்கத்தான் மற்றக் கொடுமைகள் எல்லாம் என்பது அவர் முடிவு. பெயர் பீமராவ் அம்பேத்கர். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே விஷயம். ஒருவர் அதைக் குற்றத்தின் மூலமாகப் படிக்கிறார், இன்னொருவர் தரப்பு நற்சான்றாகப் படிக்கிறது.

4

2020 கோடைக்கு வருவோம். ஜூன் 15, பாஸ்டாக் தீர்ப்பு. ஜூன் 30, கலிஃபோர்னியாவின் குடிமை உரிமைத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுக்கிறது. ஆகஸ்ட் 4, இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்' நூல் வெளியாகிறது. ஐம்பது நாளில் மூன்று பிரதிகள்.

வில்கர்சனின் நூல் கொண்டாடப்பட்டது. அமெரிக்க இனவெறியை, நாஜி ஜெர்மனியை, இந்தியச் சாதியை ஒரே கட்டடத்தின் மூன்று தளங்களாகப் பார்த்த நூல். ஏவா டுவெர்னே அதை 2023இல் 'ஒரிஜின்' என்று படமாகவும் எடுத்தார். நூலின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம்முடைய இடத்திலிருந்து படிக்கும்போது ஒரு நெருடல் இருக்கிறது. சம்னர் எடுத்த அதே உவமையைத்தான் வில்கர்சனும் எடுக்கிறார். சாதி அங்கே அமெரிக்காவை விளக்க வந்த கருவி. நூலின் கண் முழுக்க அந்த விளக்கத்தின் மேல் இருக்கிறது. அமெரிக்காவுக்குள்ளேயே, அடுத்த கட்டடத்து ஆபீசில், உவமையாக இல்லாமல் சாதியாகவே இருக்கும் சாதிக்கு அதில் பெரிய இடமில்லை. உவமை உலகப் புகழ் அடைந்தது. உவமிக்கப்பட்ட ஆள் கோர்ட்டில் ஜான் டோ என்ற புனைபெயரில் நின்றார்.

சிஸ்கோ வழக்கின் மனுவை ஒரு சிறுகதையாகப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றச்சாட்டுகள் இவை: தலித் பொறியாளர் ஒருவர். அவருடைய மேலாளர், ஐஐடியில் அவரோடு படித்தவர், இவர் இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று சக ஊழியர்களிடம் சொல்கிறார். இவர் புகார் கொடுக்கிறார். பிறகு பொறுப்புகள் குறைகின்றன. நிறுவனம் எல்லாவற்றையும் மறுத்தது. இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் துறையே கைவிட்டது, நிறுவனத்தின் மீதானதைத் தொடர்ந்தது. ஆகவே இங்கே யாரையும் குற்றவாளியாக்கிப் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் மனுவில் ஒரு வரி விஷயம் இருக்கிறது. புகார் போனபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்ற தொனியில் ஊழியர் உறவுப் பிரிவு பதில் சொன்னதாக மனு சொல்கிறது. வழக்கின் முடிவு எதுவானாலும், இப்படி ஒரு பதில் நம்பும்படியாக இருக்கிறது இல்லையா? எச்ஆரில் இருக்கும் ஒருவர், மெக்சிகோக்காரராகவோ ஐரிஷ்காரராகவோ இருக்கலாம், பட்டியலைப் பார்க்கிறார். படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன. இனம், நிறம், மதம். இந்தப் புகாரில் இரண்டு பக்கமும் ஒரே இனம், ஒரே நாடு, பெரும்பாலும் ஒரே மதம். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

புகார் கொடுப்பவருக்கோ, வேலை போனால் எச்-1பி விசாவில் 60 நாள்தான். அதற்குள் அடுத்த வேலை, இல்லையென்றால் ஊர். அம்பேத்கர் தன் தீண்டாமை அனுபவங்களை எழுதிய சிறிய பிரதிக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அந்தத் தலைப்பு இவ்வளவு நேரடியாகப் பலிக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒருமுறை போனில் சொன்னான். ஒரு பாட்லக் விருந்து. வயதில் மூத்த தமிழர் ஒருவர், ரொம்ப அன்பாக: "தம்பிக்கு ஊர்ல எந்தப் பக்கம்?" பிறகு, "டவுன்லயா, வெளியிலயா?" பிறகு, "அப்பா என்ன பண்றாங்க?" பிறகு, "நம்ம வீட்ல நான்வெஜ் எல்லாம் உண்டா?" கடைசியாக, "குலதெய்வம் எது?" ஐந்து கேள்வி. "மச்சான், அஞ்சாவது கேள்விக்கு நான் பதில் சொன்னதும் அவர் தட்டுல இருந்த வடைய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. அவ்ளோதான். இத எந்த கவர்மென்ட்டுக்கு நான் எழுதிப் போடுவேன்?"

கவனித்தீர்களா, ஐந்து கேள்வியிலும் சாதி என்ற சொல் இல்லை. அது வரவே வராது. சொல்லாமல் செய்வதில்தான் அதன் சாமர்த்தியம். பாமாவின் 'கருக்கு' (1992) நூலில் ஒரு முதியவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி ஞாபகம் வருகிறதா? அங்கேயும் யாரும் விளக்கவில்லை. சிறுமிக்கு முதலில் அது வேடிக்கை. யாராவது பெயர் சொல்லும்வரை அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

5

2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் பெயர் சொன்னது. க்ஷமா சாவந்த் கொண்டுவந்த சட்டம், ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறியது. வேலை, வீடு, பொது இடங்களில் சாதியின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம். திண்ட் தீர்ப்பிலிருந்து நூறு வருடமும் இரண்டு நாளும்.

அதிலுள்ள வரையறையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறப்பால் வரும் நிலை, அகமணம், வழக்கமோ சட்டமோ மதமோ அங்கீகரித்த சமூகத் தடைகள் ஆகியவற்றைக் கொண்ட இறுகிய அடுக்குமுறை என்கிறது. அகமணம்! 1916இல் மாணவர் அம்பேத்கர் சொன்ன சொல். 1923இல் பெருமையாக நீட்டப்பட்ட சொல். நூற்றாண்டு கழித்து அது அமெரிக்க நகரச் சட்டமொன்றில் பாகுபாட்டின் அடையாளமாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைப் படிக்கும்போது நல்ல நாவலின் கடைசி அத்தியாயத்தில், முதல் அத்தியாயத்துப் பொருளொன்று மேஜைமேல் இருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

ஆனால் அது கடைசி அத்தியாயம் இல்லை. அதே வருடம் ஆயிஷா வஹாப் கலிஃபோர்னியா செனட்டில் எஸ்பி 403 மசோதாவைக் கொண்டுவந்தார். பல திருத்தங்களுக்குப் பிறகு அதில் சாதி தனி வகையாக இல்லை, வம்சாவளி என்ற பழைய சொல்லின் விளக்கத்துக்குள் ஒரு சொல்லாகச் சுருங்கியிருந்தது. இரண்டு அவைகளும் நிறைவேற்றின. சேக்ரமென்டோவில் ஆதரவாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்டோபர் 7 அன்று ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட மறுத்தார்.

மறுப்புக் கடிதம் சிறியது, நயமானது. கலிஃபோர்னியாவில் எல்லாருக்கும் கண்ணியம் உண்டு என்கிறது. இனம், மதம், வம்சாவளி என்று ஏற்கெனவே தடைசெய்யப்பட்டவற்றை அடுக்குகிறது. அவற்றைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்வதால், சாதிப் பாகுபாடு ஏற்கெனவே தடைசெய்யப்பட்டதுதான், ஆகவே இந்த மசோதா தேவையற்றது என்று முடிகிறது.

ஒரு வாசகனாக இந்தக் கடிதத்தை நான் மதிக்கவே முயல்கிறேன். அதன் வாதம் அபத்தமில்லை. பாஸ்டாக் தீர்ப்பும் இப்படித்தானே, பழைய சொல்லுக்குள் புதியதைக் கண்டது? பிரிட்டனிலும் இதுவே நடந்தது. சாதியைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் கட்டளையிட்டது. 2014இல், வீட்டு வேலைக்கு இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், சாதி இனமரபுக்குள் அடங்கலாம் என்றது தீர்ப்பாயம். தீர்ப்புகளே போதும் என்று சொல்லி 2018இல் அரசு சட்டத்தைக் கைவிட்டது.

ஆனால் இதே நியூசம் 2019 ஜூலையில் இன்னொரு மசோதாவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கருப்பினத்தவரின் சடை, பின்னல் போன்ற தலைமுடி வடிவங்களைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம், கிரவுன் ஆக்ட். அது எப்படி எழுதப்பட்டது? இனம் என்ற பழைய சொல்லின் விளக்கத்துக்குள் தலைமுடியைச் சேர்த்து. எஸ்பி 403 வம்சாவளிக்குச் செய்ததும் அச்சு அசல் அதுதான். அன்று ஏன் தேவைப்பட்டது? 2016இல், சடைமுடியை வெட்டச் சொல்லி வேலை மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், அது இனப் பாகுபாடு ஆகாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. இனம் என்ற சொல் பட்டியலில் இருந்தும் அவளுக்கு உதவவில்லை. ஆகவே கலிஃபோர்னியா பெயர் சொன்னது. முடிக்குத் தேவைப்பட்ட சொல், சாதிக்கு மட்டும் எப்படித் தேவையற்றதாகும்?

தாராளமாகப் பொருள்கொள்ளலாம் என்பது நீதிபதிக்கான அறிவுரை. நீதிபதியிடம் போய்ச் சேர வக்கீல், வருடங்கள், பணம் வேண்டும். பாட்லக்கில் வடையோடு நின்றவனுக்கு, எச்ஆர் அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேண்டியது படிவத்தில் ஒரு கட்டம்.

6

எதிர்த்தரப்பில் ஒரு கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சாதி என்று எழுதினால் ஒரு சமூகத்தை, குறிப்பாக இந்துக்களை, பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டாதா? புலம்பெயர்ந்த எளிய குடும்பங்களிலும் இந்தப் பயம் உண்மையாகவே இருக்கிறது. பள்ளியில் தன் பிள்ளையிடம் "நீ என்ன சாதி" என்று வெள்ளைக்காரப் பிள்ளை கேட்டுவிடுமோ என்று பயப்படும் அம்மாவை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் இங்கே இரண்டு வகைப் பட்டியல்களைக் குழப்பிக்கொள்கிறோம். நம் ஊரில் பட்டியல் சாதி என்றால் அது மக்களின் பட்டியல். யார் உள்ளே, யார் வெளியே என்று பெயர் பெயராக இருக்கும். அமெரிக்கப் பட்டியல் காரணங்களின் பட்டியல். இனம் என்றால் எல்லா இனமும்தான். ஏழாம் தலைப்பு வெள்ளையர்களையும் காக்கும் என்று 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே கணக்கில் சியாட்டில் சட்டம் பிராமணரையும் காக்கும். சாதியைக் காரணம் காட்டி ஒரு ஐயங்கார் பையனுக்கு வாடகைக்கு வீடு மறுத்தாலும் அவன் புகார் கொடுக்கலாம். அதன் வரையறையில் எந்த மதத்தின், எந்த நாட்டின் பெயரும் இல்லை. அதைப் படித்ததும் இது நம்மைத்தான் சொல்கிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த அடையாளம் காணல் பிரதியில் இல்லை, வாசகரிடம் இருக்கிறது.

7

இத்தோடு முடித்திருந்தால், அமெரிக்காவுக்குப் புத்தி சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆரம்பத்தில் வைத்த இரண்டு பட்டியல்களை இன்னொரு தடவை பாருங்கள். அவர்களுடையது "முதலாளி" என்று ஆரம்பிக்கிறது. நம்முடையது "அரசு" என்று.

சாதி என்ற சொல் நம் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலின் முதல் உட்பிரிவு அரசை நோக்கிப் பேசுவது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றவியல் சட்டம், அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஏற வேண்டும். பதவி உயர்வு தள்ளிப்போவதை, டீமில் ஒதுக்கப்படுவதை, இன்டர்வியூவில் "ஃபாதர் நேம் மட்டும்தானா, சர்நேம் இல்லையா" என்று கேட்கப்படுவதை முறையிட, தனியார் வேலைக்கென்று ஒட்டுமொத்தமான சிவில் சட்டம் இன்றுவரை இந்தியாவில் இல்லை. அப்படி ஒன்றைக் கொண்டுவர சசி தரூர் வைத்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

ஆகவே சியாட்டிலில் ஒரு தமிழ்ப் பொறியாளருக்கு இன்று இருக்கும் கட்டம், ஓஎம்ஆரில் அதே கம்பெனியின் இந்தியக் கிளையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய தம்பிக்கு இல்லை. அங்கே சொல் இல்லாமல் சட்டம் இருந்தது. இங்கே சொல் இருக்கிறது, அது வேலை செய்ய வேண்டிய இடத்தில் இல்லை.

நண்பனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. "சியாட்டில்ல ஆள் எடுக்குறாங்களான்னு பாக்குறேன்டா."